வெளித்தாழ்ப்பாள்

ஜூன் 17, செவ்வாய்

இன்று சூளை திறந்தோம். ஜாடி ஒன்றுகூட விரிசல் விடவில்லை. எவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எம்.ஏ. படித்துவிட்டுப் பீங்கான் கம்பெனியில் சூளைக்குக் காவல் இருப்பவனை எவன் பாராட்டுவான்?

வீட்டில் இனியா இல்லை. போன வெள்ளி இரவு நான் ஷிப்டில் இருந்தபோது சைல்டுலைன்காரர்களும் போலீசும் வந்து, பூட்டை உடைத்து அவளைக் கூட்டிப்போய்விட்டார்கள். கடலூரில் ஒரு ஹோமில் வைத்திருக்கிறார்கள். பதினோரு வயது மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டியது குற்றமாம். அவள் அம்மா இறந்துபோனபிறகு நான் வேறென்ன செய்ய? இந்தத் தெருவை நம்பித் திறந்துபோட்டுவிட்டுப் போகவா?

சைல்டுலைனுக்குப் போன் செய்தது லீமாதான். என் கொழுந்தியாள். போன மாதம் வந்தவள் வெளித்தாழ்ப்பாளைப் பார்த்து, "என்னா மாமா, மாட்டுக் கொட்டாயா இது?" என்றாள். அந்தக் குடும்பத்துக்கு என்மேல் என்றைக்கும் இளக்காரம். கல்யாண மோதிரத்தையே அளவு பார்க்காமல் வாங்கியவர்கள். இன்றைக்கும் நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறேன்.

ஜூன் 19

ஹோமுக்குப் போன் செய்தேன். "பாப்பா இப்ப பேச விரும்பல சார்." யார் சொல்லிக் கொடுத்தது?

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் லீமாவைப் பிடித்தேன். ஊரே நின்றது. "உனக்குப் புள்ள இல்லன்னா எம்புள்ளய புடுங்குவியா?" சத்தமாகத்தான் கேட்டேன். பங்குச் சாமியார் திரும்பிப் பார்த்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கேட்டுட்டீங்கல்ல மாமா. போய் சாப்புடுங்க" என்றாள். அவள் புருஷன் ஜெரோம் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கேட்டது சரிதான். சரிதானே?

ஜூன் 30

மனு தயார். நான்கு பக்கம். வக்கீலுக்குத் தெரியாத பிரிவெல்லாம் எனக்குத் தெரிகிறது. பெற்றவனின் உரிமை, அதில் அரசு தலையிடுவதன் வரம்பு, உள்நோக்கத்தோடு புகார் செய்த உறவினர் — பெயரோடு. வாட்ஸாப்பில் பெற்றோர் உரிமைக் குழு ஒன்றில் சேர்ந்து மனுவைப் போட்டேன். "விடாதீங்க சார். இன்னிக்கு உங்க புள்ள, நாளைக்கு எங்க புள்ள" என்கிறார் ஒரு சேலத்துக்காரர். வெகுநாள் கழித்து யாரோ என்னை மதிக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

கடலூர், குழந்தைகள் நலக் குழு. லீமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மனுவை நானே நின்று வாசித்தேன். தலைவியம்மா கடைசிவரை கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க பிலோமின்ராஜ் சார். பாப்பா பேருதான் எங்கயும் வரல. 'மேற்படி மைனர்'னே இருக்குது."

பிறகு, பாப்பா பேச விரும்புவதாகச் சொல்லி அழைத்து வந்தார்கள். யாருடையதோ ஒரு சுடிதார், தோள் தொங்கியது. என்னைப் பார்க்கவில்லை.

"சித்தி இல்ல. நான்தான் போன் பண்ணேன். ஸ்விட்ச் போர்டுலேர்ந்து பொக வந்துச்சு. அப்பாவுக்குப் பண்ணேன், கட் பண்ணிட்டாரு. மறுபடி பண்ணேன், கட் பண்ணிட்டாரு. அப்பறந்தான் ஸ்கூல்ல சொன்ன நம்பருக்குப் பண்ணேன்."

ஆமாம். சூளை உச்ச சூட்டில் இருந்தது. அந்நேரம் போனை எடுப்பது என் வழக்கமில்லை. இத்தனை நாளும் அது எனக்கு நினைவிருந்தது. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"பூட்ட வேணாம்னு அப்பாகிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டார் தலைவியம்மா.

"சொன்னேன். சூடு ஆறாம சூளைக் கதவத் தொறந்தா உள்ள இருக்கறது வெடிச்சிடுமாம். அதே மாதிரிதான், விடியறவரைக்கும் தொறக்கக் கூடாதும்பாரு."

என் வார்த்தைகள். சொன்ன அன்று, நல்ல உவமை என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

படியில் லீமா எனக்காக நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "விருத்தாசலம் பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

ஜூலை 11

வாட்ஸாப் குழுவில் கேட்கிறார்கள், "ஜெயிச்சீங்களா சார்?" வெளியேறிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

மறுபடி கடலூர். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பகல் வேலை கிடைக்கும்வரை என்னிடம் வேண்டாம், ஹோமிலும் வேண்டாம், அவள் சித்தி வீட்டில் விடுங்கள் என்றேன். தலைவியம்மா லீமாவைப் பார்த்தார். நான் கோயில் வாசலில் கேட்டதை அவள் அங்கே சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. "எங்கக்கா புள்ள. அனுப்புங்க" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், அன்று பேசியது தப்பு என்றேன்.

"கூட்டத்துல திட்டுவீங்க. தனியா வந்து தப்புன்னுவீங்க. நல்லா இருக்குது மாமா."

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து, அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். குரல் எழவில்லை.

"கேக்கல மாமா" என்றாள் லீமா.

மறுபடி சொன்னேன்.

ஆகஸ்ட் 3

ஸ்விட்ச் போர்டு மாற்றியாயிற்று. வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவில் ஓட்டைகள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாலைவரை இருக்கட்டும் என்று ஜெரோம் இனியாவைக் கொண்டுவந்து விட்டுப் போனான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாதது நியாயம்.

அவள் முதலில் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். அப்புறம் கதவு ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

சாப்பிட உட்கார்ந்தால் தயிர் இல்லை. கடைக்குக் கூட வருகிறாயா என்றேன்.

"நீ போ. நான் இருக்கேன்."

நான் படி இறங்கியதும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். உள்தாழ்ப்பாள்.

வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"அப்பா."

"இரு."

எதிர்வீட்டுச் சுப்புராயன் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சொந்த வீட்டு வாசலில் தயிர் பாக்கெட்டோடு நிற்கிறவன் எப்படித் தெரிவான் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை தட்டக் கை எழுந்தது.

தட்டவில்லை. நின்றேன்.