உன் வகுப்புக்கு அடுத்த அறை

என் கோபக்கார மகளுக்கு,

நீ பைத்தான் சொல்லித் தரும் அதே கம்ப்யூட்டர் சென்டரில், பக்கத்து அறையில், ஞாயிற்றுக்கிழமை ஜாவா வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உன்னிடம் ஃபோனில் ஒரு சந்தேகம் கேட்டாலே, "எத்தன தடவம்மா சொல்றது?" என்று எரிந்து விழுகிறாயே!

ஜாவா கஷ்டம் என்று நான் வேலை பார்க்கும் கடையில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். முதல் நாளே திரை முழுக்கச் சிவப்பாகப் பிழை. வாத்தியார் எட்டிப் பார்த்து, "எங்க தப்புன்னு அதுவே சொல்லுதுல்ல? மெதுவா படிங்கம்மா" என்றார். படித்தேன், திருத்தினேன், புரோகிராம் ஓடியது. அப்பாடா!

உன் அப்பா போனபிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

இடைவேளையில் டீ குடிக்க வா. டீச்சரை உன் அறையிலேயே விட்டுவிட்டு, மகளாக மட்டும் வா.

உன் அம்மா,
கடைசி பெஞ்சு