லொறி வந்த கிழமை

ஜூன் 3, திங்கள்

மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. பிந்தி வந்ததைக் கண்டிக்க ஆளில்லை. நானே என்னைக் கண்டித்து, நானே மன்னித்தேன்.

வேலை வழக்கம்போல. ஷட்டர் அரைவாசி மேலே. குழாய்களைத் திறந்து மூடல். கழிவறையில் தண்ணீர் ஊற்றல். புறா விரட்டல் (தோல்வி). மாலை ஐந்துக்குத் த.கா.வுக்கு, அதாவது தலைமைக் காரியாலயத்துக்கு, போன் போட்டு “ஒரு பிரச்சினையும் இல்ல, சேர்” என்றல். சுப்பர் மார்க்கெட் மூடி ஒன்றரை வருடம். அன்று இருபது பேருக்கு மேற்பார்வையாளன், இன்று எட்டுப் புறாவுக்கு.

மொட்டைமாடியில் ஏறினால் நம் கம்பனியின் மற்ற இரண்டு கிளைகளும் தெரியும். அவையும் பூட்டு. ஒன்றில் தும்மினால் மற்றதிலிருந்து “நூறு” சொல்லலாம், அவ்வளவு கிட்ட. கலகெதர ரோட்டில் பெரிய களஞ்சியம் வேறு. வெயில் வந்தால் அதன் முற்றத்தில் யாரோ மிளகு காயப்போடுகிறார்கள்.

எதிர்ப் பலசரக்குக் கடை நசார் நானா: “என்ன மணி, இன்டக்கி யாவாரம் எப்பிடி?”

“எலி ஒண்ணு வந்துச்சு நானா. ஒண்ணும் வாங்காம போயிருச்சு.”

“எங்கட கடைக்கித்தான் வந்தீக்கி. பருப்பு மூட்டைல ஓட்ட.”

4, செவ்வாய்

புஷ்பம் வந்தாள். இங்கே மூன்றாம் கவுண்டரில் ஏழு வருடம் காசாளர். குவைத்தில் வீட்டு வேலை சரிவந்திருக்கிறதாம். நாளை மாலைக்குள் ஏஜென்சியில் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது.

“கட திரும்பத் தொறக்குமாண்ணே? தொறக்கும்னா நான் போகல.”

பகிடி ஒன்று சொல்லப் பார்த்தேன். வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

5, புதன்

காலையிலேயே த.கா. போன். சின்ன சேர். “மணி, நாளைக்கு ஒம்பது மணிக்கு மூணு லொறி வருது. ராக்கை, கவுண்டர் எல்லாம். ரெண்டு ஷட்டரையும் தொறந்து வைங்க.”

இந்தத் தொழிலில் முதலில் சாமான் அடுக்கும் ராக்கை வரும், பிறகு சாமான், பிறகு ஆள். ஒவ்வொரு கிளையும் அப்படித்தான் திறந்தது. அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மேற்பார்வையாளனுக்கு என்ன மரியாதை?

புஷ்பத்துக்கு போன். “பாஸ்போர்ட்டக் குடுக்காத. கட தொறக்கிறாங்க.”

“நெசமாவாண்ணே?”

“நான் சொன்னா சரி.”

அழுதாள். எனக்கு நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. அது வயிற்றுப் பொத்தான் என்பது வேறு விஷயம்.

பழைய ஞாபகம். பெரிய சேர்மார் கிளை பார்க்க வரும் நாட்களில் டின்மீன் பெட்டிகளை முதல் கிளையில் அடுக்கிக் காட்டுவோம். அவர்கள் தேநீர் குடிக்கும் நேரம் பின்வாசலால் அடுத்த கிளைக்கு ஏற்றுவோம். ஒரே டின் ஒரே நாளில் மூன்று கடையில் நிற்கும். யோசனை என்னுடையது. எங்கேயும் நிரம்பி வழிகிறதே என்று சந்தோஷப்பட்டு இன்னொரு கிளை திறந்தார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

6, வியாழன்

வெயில். புஷ்பம் பழைய சீருடையில், கையில் பானை. கடை திறக்கையில் பால் பொங்க வேண்டாமா? பால் நானா கொடுத்தார். “நீங்க தொறந்தா எனக்கித்தான் நட்டம். சரி, புடிங்க.”

வாசலில் மூன்று கல். பால் கடைப் பக்கமாகப் பொங்கியது. புஷ்பம் கைகூப்பினாள். நானும்தான்.

9.40க்கு லொறிகள். ராக்கை இறங்கியது. கவுண்டர்கள். இரண்டாவதிலும் ராக்கை. மூன்றாவதிலும். தள்ளுவண்டி, கூடை, ‘விசேட விலைக்கழிவு’ பலகைகள். சாமான் லொறி எப்போது என்று டிரைவரைக் கேட்டேன்.

“என்ன சாமான் ஐயா? அங்கிட்டு பதினோரு கட மூடியாச்சு. களஞ்சியமும் நெறஞ்சிருச்சு, இதுகள வைக்க எடமில்ல. இனிமே இது ஸ்டோர்.”

கூரை முட்ட அடுக்கினார்கள். திறந்த நாள் முதல் இந்தக் கடை இப்படி நிரம்பியதில்லை. அத்தனையும் வெறும் ராக்கை.

புஷ்பம் கவுண்டர்களை எண்ணிக்கொண்டு நின்றாள். “இருவத்திரெண்டுண்ணே. இதுல எனக்கு எது?”

கிண்டலா, கேள்வியா, தெரியவில்லை. பானையை விட்டுவிட்டு ஏஜென்சிக்கு ஓடினாள்.

7, வெள்ளி

மழை. புறாக்களுக்குப் புது அடுக்குமாடி.

புஷ்பத்தின் குவைத் வேலை ஹேவாஹெட்டப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டதாம். நானாதான் சொன்னார். கிண்டல் செய்யவில்லை.

மதியச் சோறு அப்படியே. புறா தின்றது.

8, சனி

பானையை எடுக்கப் புஷ்பம் வந்தாள். அடிபிடித்த பாலைச் சுரண்டி வைத்திருந்தேன், அரைகுறையாக. சொல்லுவதற்கும் நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அதுவும் அரைகுறை.

கதவோரம் இருந்த கவுண்டரைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய பூ. மகள் சின்னதில் கிறுக்கியது. இவளுடைய மூன்றாம் கவுண்டரேதான், எந்தக் கிளைக்கோ போய்த் திரும்பியிருக்கிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏழு வருசம் நின்னுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளும் ஒக்காரல.”

இறங்கிப் பானையை எடுத்தாள்.

“ஒங்க மேல கோவமில்லண்ணே. இனிமே ஏதாச்சும் தெரிய வந்தா, எனக்கு மட்டும் சொல்லாதீங்க.”

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மணி ஐந்து. த.கா.வுக்கு போன்.

“ஒரு பிரச்சினையும் இல்ல, சேர்.”