சத்திரக்காரர் வந்து போனார்

பெரியநாயக்கன்பாளையம்
19-8-1962, ஞாயிறு

அன்புள்ள மகன் தேவானந்தத்துக்கு,

கர்த்தர் உன்னையும் சாராளையும் பேத்தியையும் அந்தத் தூர தேசத்தில் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். இவ்விடம் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. அப்பா படுத்து இரண்டு மாதம் ஆகிறது. நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதாம், பக்கத்து வீட்டு ராசாத்தாள் காய்ச்சித் தரும் கஞ்சிதான் இரண்டு வாய் இறங்குகிறது. பேத்தி எழுதிய கடிதம் அவர் தலையணைக்கடியில் இருக்கிறது. ஐந்தாவதோடு நின்ற என்னைவிட இரண்டாவது படிக்கிறவள் அழகாக எழுதுகிறாள் என்று தெருவெல்லாம் காட்டிவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன்.

போன கிறிஸ்துமசுக்கு லீவில் வந்து நீ போட்ட நாடகம் நம்மை இன்னும் விடவில்லை. பெத்லகேம் சத்திரக்காரனுக்கு நம் சபைச் செயலாளரின் நடை, தோள் துண்டு, சாவிக்கொத்து எல்லாம் கொடுத்து, நிறைமாத மரியாளிடம், “முன் பெஞ்சு மில்காரர் ஊட்டுக்குங்க, உங்களுக்கு எடமில்லீங்க” என்று சொல்ல வைத்தாயே, கோயிலே குலுங்கிச் சிரித்தது, போதகர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்த முன் பெஞ்சை இழைத்தது உன் அப்பா, ஒரு நாளும் அதில் உட்காராதவர். நீ ரயிலேறிய வாரமே கமிட்டி கூடி, அது தேவதூஷணம் என்று எழுதி, கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை நம் வீட்டுக்கு நிறுத்திவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா தடுத்ததால் எழுதவில்லை.

இப்போது அவருக்கு இருப்பது ஒரே ஆசை, கண்மூடுமுன் ஒரு தடவை திருவிருந்து எடுக்க வேண்டும். ஞாயிறு மணியடித்தால் முகம் துடைத்துவிடச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடக்கிறார். போதகரைப் போய்க் கேட்டேன், கமிட்டி சொல்லாமல் முடியாதம்மா என்று தரையைப் பார்த்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை செயலாளரே வந்தார். உள்ளே வராமல் வாசற்படியில் நின்று ஒரு மன்னிப்புத் தாளை நீட்டி, “பையன் கையெழுத்துப் போடட்டுமுங்க. இல்லாட்டி திருவிருந்தும் இல்லீங்க, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கல்லறைத் தோட்டத்துலயும் எடமில்லீங்க” என்றார். அதே துண்டு, அதே சாவிக்கொத்து, அதே வசனம். கட்டிலில் கிடந்த அப்பா சிரித்தார் கண்ணு, இருமல் வந்து அடைக்கும்வரை சிரித்தார். “நம்ம பையன் நாடகத்துல கொறச்சுத்தான் எழுதிப்போட்டான்” என்றார். செயலாளர் முகம் கறுத்து, “அம்மணி, நீங்களே அவன் பேரை எழுதிக் குடுத்தாலும் போதுமுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். ராசாத்தாள் கஞ்சிச் சட்டியோடு நின்றவள், “ஏனுங்கக்கா, எங்க கோயில்லதான் எங்களை வெளிய நிறுத்தறாங்கன்னா, உங்க சாமிக்கும் கமிட்டி இருக்குதுங்களா?” என்று கேட்டாள். நான் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கையெழுத்துப் போடாதே என்று எழுதச் சொன்னார் அப்பா, எழுதிவிட்டேன். ஆனால் இன்று காலை மணியடித்ததும் அதே வெள்ளைச் சட்டையைக் கேட்டார். மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், அந்தத் தாளை விரித்து, உன் பேரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நீ நாடகத்தில் சொன்னதில் பொய் எது என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

தாளை இதோடு வைத்திருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியாது. மீதியை எழுதுவாயோ கிழிப்பாயோ, தபாலில் மட்டும் அனுப்பாதே. வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்.

பிலாயில் மழை என்று எழுதியிருந்தாய், பேத்தியை நனைய விடாதே. மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அடுத்த ஞாயிற்றுக்குள் வந்துவிடு, வெள்ளைச் சட்டையை இப்போதுதான் துவைத்துக் காயப்போட்டேன்.

உன் அம்மா,
அற்புதம்