காய்ச்சிய தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை
9 பிப்ரவரி 1976, திங்கள்

கடல்சாமந்தி இன்றைக்கும் விரியவில்லை. நனைந்த பஞ்சு மாதிரி சுருண்டு கிடக்கிறது. கோமாளி மீன் இரண்டும் பவளப்பாறை ஓரம் ஒதுங்கி மூச்சு வாங்குகின்றன. காலேஜில் கடல்தொட்டி வைக்க ஆசைப்பட்டது பிரின்சிபல், மாரடிப்பது விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் நான். பொன்னானியிலிருந்து மீன் லாரியில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வருகிறது, ஊரே சிரிக்கிறது.

கெமிஸ்ட்ரியில் கொடுத்த மருந்தைத் தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டேன். நைட்ரேட் இருந்தால் நீலம் ஓடும். ஓடியது, நன்றாகவே. தீனியை அள்ளிக் கொட்டியிருப்பார் என்று அட்டெண்டர் குப்பண்ணனை வைதேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார்.

பாப்பா தூங்குகிறாள். மூன்று மாதம் ஆகப்போகிறது. எனக்குப் பால் வற்றிவிட்டது, டப்பாப் பால்தான். நான் காலேஜில் இருக்கும் நேரமெல்லாம் நாத்தனார் நாச்சம்மாக்காதான் அவளுக்குத் தாய்.

13 பிப்ரவரி

தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் விட்டோம். தீனியையும் குறைத்தாயிற்று.

17 பிப்ரவரி

மறுபடி நீலம்! எங்கிருந்துதான் வந்து தொலைக்கிறது?

வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் இறங்குகிறது. காலேஜ் போர்த் தண்ணீர் ஒரே துருவாடை. அதனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் கேனில் பிடித்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போய் ஊற்றுகிறேன். கற்கண்டுத் தண்ணீர் என்று அக்கம்பக்கமெல்லாம் மொண்டு போகும் கிணறு. பிராக்டிகலில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். கரைஞ்சிருக்கிறது அத்தனையும் உள்ளேயே தங்கி, இன்னும் கெட்டியாகும்."

22 பிப்ரவரி, ஞாயிறு

பாப்பாவின் உதடு ஒரு மாதிரி நாவல்பழம் தின்ற நிறத்தில் இருக்கிறது. இவரிடம் காட்டினேன். "எங்க வம்சமே கறுப்புதான் அம்மிணி, உன்னைப் பாத்து வெளுக்குமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நாச்சம்மாக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தண்ணிதான் சேரலையாட்ட இருக்குது. இனிமே பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சித்தான் பால் கலக்கோணும்." நல்லதுங்கக்கா என்றேன்.

24 பிப்ரவரி

நகக்கண்ணும் கறுக்கிறது. டாக்டருக்கு இருதயத்தின் மேல் சந்தேகம், கோயமுத்தூர் கொண்டுபோகச் சொன்னார். வெள்ளிக்கிழமை போகிறோம். அக்கா அடுப்படியை விட்டு நகர்வதில்லை. தண்ணீரை இன்னும் வற்ற வைக்கிறார்.

26 பிப்ரவரி, வியாழன்

எழுதாட்டி நெஞ்சு வெடிச்சிரும்.

காலையில் ஒவ்வொண்ணா சொட்டு விட்டுப் பாத்தேன். லாரியில வந்த கடல்தண்ணி — நிறமே இல்லை. கடைசியா, சும்மா ஒரு இதுக்கு, வீட்டிலிருந்து கொண்டுபோன கேன். மையைக் கொட்டின மாதிரி நீலம்.

எங்க கிணறா? சுத்தியும் வயல். புது நெல்லு போட்டதிலிருந்து இவரு மூட்டை மூட்டையா யூரியா வீசுறாரு. கிணத்தடியிலேயே மாட்டுப்பட்டி. அடடா, தொட்டிக்கு நஞ்சு நம்மூட்டுத் தண்ணியா என்றுதான் முதல்ல தோணுச்சு. மீனைத்தான் நினைச்சேன். பாவி, மீனை!

அப்புறம்தான் அக்காவோட அடுப்பு ஞாபகம் வந்துச்சு. அதே தண்ணி. பாதியா வத்த வெச்சு. கொதிச்சா கிருமிதான் சாகும், நைட்ரேட் எங்க போகும்? கெட்டியாகும்னு நானே பாடம் எடுத்தேனே!

பஸ்ஸைப் பிடிச்சு ஓடியாந்தா ஊடு பூட்டிக் கிடக்குது. மத்தியானம் பால் குடிச்சதும் உடம்பெல்லாம் நீலம் பாரிச்சு, டாக்ஸி வெச்சுக் கோயமுத்தூர் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கேன். சாமி, விட்டுரு.

28 பிப்ரவரி

பாப்பா போயிட்டா.

6 மார்ச்

கோயமுத்தூர் டாக்டர் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பிக் கஷாய நிறம். என்ன தண்ணீர் என்று அவர் கேட்கும் முன்பே சொன்னேன். அந்த நைட்ரேட்தான் ரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் செய்தது என்று தலையாட்டினார். இருதயத்தில் கோளாறே இல்லையாம்.

இவர் மட்டும் டாக்டரிடம் கத்தினார்: "நாங்கெல்லாம் அதையே குடிச்சுத்தானுங்க வளர்ந்தோம்!" பெரியவர்கள் தாங்குவார்கள், பால்குடிக் குழந்தை தாங்காது என்றார் டாக்டர். யூரியாவும் இவ்வளவு அப்போது கிடையாது. திரும்பி வந்தவர் கிணற்றடிக்கு முள்ளை வெட்டிப் போட்டார். சைக்கிளில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். கைக்குழந்தைக்காரிகள் வீட்டுக்கெல்லாம் நானே போய், இந்தக் கிணறு வேண்டாம் என்று சொல்லிவந்தேன். அவர்கள் மடியைப் பார்க்காமல்தான் பேச முடிந்தது.

15 மார்ச்

காலேஜுக்குப் போனேன். தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். குப்பண்ணனிடம் அன்றைக்கு வைததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்று அழுதார்.

21 மார்ச், ஞாயிறு

நாச்சம்மாக்கா சரியாகச் சாப்பிட்டே பல நாளாகிறது. இன்றைக்குத் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, கெணறு கெட்டுப்போச்சுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. நீ படிச்சவ, நீ சொல்லு. நான் அத்தனை நேரம் நின்னு காய்ச்சினேனே, அது புள்ளைக்குக் கொஞ்சமாச்சும் நல்லது பண்ணியிருக்குமல்லோ?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"ஆமாங்கக்கா. நீங்க காய்ச்சிக் கொடுத்ததாலதான் அத்தனை நாளாவது இருந்தா."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாய் வாங்கினார். அப்புறம் இன்னொரு வாய்.