அமெரிக்கப் பயணம் இல்லை

அன்புள்ள ஜுலைகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டுவலியும் பிள்ளை அர்ஷியாவின் இருமலும் குறைய துஆ செய்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் மச்சான் ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கப் பயணம் இல்லை. உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கப் போகிறோம், அங்கேயும் கார் ஓட்ட நீ வா என்று அரபி முதலாளியின் மகன்கள் சொன்னது விளையாட்டுக்காம். விசாவுக்கென்று என்னைப் போட்டோ எடுத்ததும், எந்த ஊரில் தங்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டதும் விளையாட்டுதான்.

நேற்று விமான நிலையத்தில் என் பெட்டியோடு அவர்கள் பின்னால் நடந்தேன். வாசலில் மூத்தவன் திரும்பி, “நீ எங்கே?” என்றான். இளையவன் வீடியோ எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையல்கார பீர் காக்கா சொன்னார்: “போன உலகக் கோப்பைக்கு என்னையும் இப்படித்தாம்லே செஞ்சானுவ.”

“நான் பெட்டி கட்டும்போது பாத்துக்கிட்டுதான இருந்திய? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா காக்கா?”

“எனக்கு மட்டும் யாருலே சொன்னா?” என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

தெருவில் கேட்டால் விசா கிடைக்கவில்லை என்று சொல். அந்த வீடியோ உன் போனுக்கு வந்தால் அர்ஷியாவுக்குக் காட்டாதே. வெள்ளிக்கிழமை பேசும்போது இதைக் கேட்காதே; பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று சொன்னாலும் போதும், போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. முதலாளியம்மா கூப்பிடுகிறார், கார் எடுக்க வேண்டும்.

உன்,
காஜா மைதீன்