ஒறம்பரை முன்னால் ஓர் ஆட்டம்

அப்பாவுக்கு வணக்கம். இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். உங்கள் முட்டிவலி தேவலையா? எனக்கு டொராண்டோ குளிர் பழகிவிட்டது.

நம் நாட்டை விட்டுக் கனடா அணிக்குச் சதுரங்கம் ஆடுகிறாள் என்பதற்காக, நம் வீட்டுப்படி ஏறக் கூடாதென்று நீங்கள் ஒதுக்கிய தங்கை ரஞ்சிதா, சென்ற ஞாயிறு என் அறைக்கு வந்தாள். இருவரும் ஆடினோம். இருபதே நகர்த்தலில் தோற்றேன்.

"சின்னதுல நாந்தானே ஜெயிப்பேன்?" என்றேன்.

"ஒறம்பரை வந்தா அண்ணங்கிட்டத் தோத்துரு சாமின்னு அப்பா சொல்லுவாருங்கண்ணா," என்று சிரித்தாள்.

முப்பது வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். தோற்கச் சொல்லிச் சொல்லியே அவளை ஊரைவிட்டு அனுப்பியதும் நீங்கள்தான்.

தைக்கு அவளோடு வருகிறேன். அதே ஒறம்பரையை, உறவினர் எல்லோரையும் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னால் அவள் என்னை ஜெயிப்பாள்.

அம்மாவிடம் பருப்புப்பொடிப் பக்குவம் கேட்டு எழுதுங்கள். ஒற்றை ஆளுக்கு அதுதான் தோது.

கையெழுத்துப் போட்டால் என் கோபம் தீர்ந்ததென்று நினைப்பீர்கள். போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.