உப்புப் புளியில் கிண்டிய இனிப்பு

லாசால், மொன்றியல்
வியாழக்கிழமை

அன்புள்ள ஆர்த்திகா குஞ்சுக்கு,

நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், ஆனால் நீ எப்படி என்று உன் வாயால் கேட்டு மூன்று கிழமையாகிவிட்டதால் அந்தச் சுகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெரியபிள்ளையான நாளிலிருந்து நீ போனுக்கு வர மறுக்கிறாய், நான் எடுத்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாய் என்று அப்பா சொல்கிறார். பிள்ளைக்கு என்ன கோவம் என்று கேட்டால், அதை நீரே கேளுமன் என்கிறார். எப்படிக் கேட்பது, நீதான் வருவதில்லையே. அதனால் எப்போதோ எழுதியிருக்க வேண்டிய இதை இன்று எழுதிப் படமெடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்புகிறேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாயா, ஈரத்தலையைப் பின்னாதே. என் அகதி வழக்குக்கு இன்னும் திகதி வரவில்லை, ஒரு நாளில் மூன்று தரம் கடிதப்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், அது முடிந்தால்தானே உங்கள் இருவரையும் கூப்பிட வழி.

மேல்வீட்டு ஹவ்வா, நைஜீரியாக்காரி, ஹவுசா பேசுபவள், அவளுக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் விடாததால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள், புருஷனும் அங்கேயே. மூத்தவள் அமீனா, ஆறு வயது, என்னோடு. வந்ததிலிருந்து பாலைத் தவிர ஒன்றும் தொடவில்லை. மம்மா செய்யும் புளி இனிப்புத்தான் வேண்டும் என்று பிரெஞ்சில் ஒரே அழுகை. ஹவ்வாவிடம் போனில் கேட்டேன். பழப்புளியைக் கரைத்துச் சீனியும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சேர்த்து, தாச்சியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டி, ஆறவிட்டு உருட்டச் சொன்னாள். யாழ்ப்பாணத்தாளுக்கே புளியைப் பற்றி வகுப்பெடுக்கிறாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு ஓம் ஓம் என்று போனை வைத்தேன். அப்பா பொதியில் அனுப்பிய பழப்புளியைத்தான் எடுத்தேன். பழுதாகாமலிருக்க நாங்கள் அதில் உப்புப் போட்டு அடைப்பது நினைவிலேயே இல்லை. சீனியை மேலும் மேலும் கொட்டியும் கடல்தண்ணீர் மாதிரி. அமீனா ஒன்றை வாயில் வைத்து உள்ளங்கையில் துப்பினாள். நான் விடவில்லை, நல்லது, ஒன்றே ஒன்று, சாப்பிடு என்று பின்னால் திரிய, மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டாள். ஹவ்வாவிடம் சொன்னால், புளிக்கு உப்புப் போடுகிற சனத்தை இப்பத்தான் காண்கிறாளாம், தன்னைச் சிரிக்க வைக்க வேண்டாமாம், வயிறு நோகுதாம்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அமீனாவையும் கூட்டிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய் உப்பில்லாத புளி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் திரும்ப மேசைக்குக் கீழே. நானும் குனிந்து, உன் அம்மா எப்படிச் செய்வா என்று அவளையே கேட்டேன். பேந்து வெளியே வந்து, நான் புதுப் புளியைக் கிண்டக் கிண்டப் பக்கத்தில் நின்று, சீனி காணாது என்றாள், உருண்டையில்லை, விரல் மாதிரி நீட்டாக என்றாள், கிண்டின ஆளுக்குத்தான் முதலாவது என்று என் வாயில் ஒன்றைத் திணித்தாள். தானும் நான்கு தின்று, பிறகு சோறும் முட்டையும் கேட்டாள்.

அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ பெரியபிள்ளையானதற்கு மாமி உனக்குத் தண்ணீர் வார்த்த அன்று நான் இருபத்தைந்து நிமிடம் கதைத்தேனென்று போன் காட்டியது. அவ்வளவும் மாமியோடு. உனக்குக் கொடுக்கிற நல்லெண்ணெய் எத்தனை கரண்டி, முட்டை பச்சையாகவா, கத்தரிக்காய் வதக்கினதா. போனை உன்னிடம் தந்ததும், தாறதெல்லாத்தையும் குடி, அழாதை என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குப் பயமாக இருந்ததா குஞ்சு? எங்கே நொந்தது? முதலில் யாரிடம் சொன்னாய்? என்னிடம் சொல்ல நினைத்தது என்ன? அன்று கேட்காததை இன்று கேட்கிறேன்.

பிள்ளையார் உன்னோடு நிற்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பேன், மறவாதே. ஏச வேண்டுமென்றால் ஏசு, பேசாமல் இருந்தாலும் இரு, போனை மட்டும் காதில் வை. இந்த முறை நான் முதலில் வாய் திறக்கமாட்டேன்.

முத்தங்களுடன்,
அம்மா
கஜந்தினி